அம்மா கடலில் இறங்கியது அப்பாவுக்காக அல்ல

எங்கள் குடும்பத்தில் இப்போது ஒரு கதை சுற்றிக்கொண்டிருக்கிறது. அப்பா போன துக்கம் தாங்காமல் அம்மா பினாங்கின் பத்து பெரிங்கி கடற்கரைக்குப் போனாராம். அவருடைய சாம்பலைக் கரைத்த கடலாயிற்றே என்று தண்ணீரில் இறங்கினாராம். அந்த நேரம் பார்த்து ஜெல்லிமீன் கொட்டிவிட்டதாம். கேட்பவர்கள் உச்சுக் கொட்டுகிறார்கள். ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழவே அழுதுவிட்டார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கடலையும் ஜெல்லிமீனையும் தவிர அதில் எதுவும் உண்மை இல்லை.

அம்மா ஆசைப்பட்டுப் போனார். ஆசைப்பட்டு இறங்கினார். நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள். வினிகர் வாசனை பட்டால் இன்னமும் எனக்குக் கை நடுங்குகிறது. பாசாரில் ஊறுகாய்க் கடையைத் தாண்டும்போதுகூட வேகமாக நடக்கிறேன். நடுக்கம் இருக்கட்டும். அதற்காக நடந்ததை மாற்றிச் சொல்ல என்னால் முடியாது.

பினாங்குக்காரர்களைப் பார்த்து வெளியூர்க்காரர்கள், "உங்களுக்கென்ன, சுற்றிக் கடல்" என்பார்கள். சுற்றி இருப்பது உண்மைதான். அம்மா கல்யாணத்துக்கு முன்பிருந்து ஓய்வு பெறும்வரை பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு கப்பல் நிறுவனத்தின் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தார். ஜன்னலைத் திறந்தால் மேசைமேல் இருக்கும் தாள் பறக்கும், அவ்வளவு பக்கத்தில் கடல். ஒருநாளும் அவர் அதில் கால் நனைத்ததில்லை. ஃபெர்ரியில் போகும்போது பார்ப்பார். கடலோரச் சாலையான கர்னி டிரைவில் காரை ஓரமாக நிறுத்தி ரோஜாக் சாப்பிடும்போது பார்ப்பார்.

எங்கள் ஆட்கள் கடலில் இறங்குவது இறந்தவர்களுக்காக. சாம்பல் கரைக்க இறங்குவார்கள். ஆடி அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் விட இறங்குவார்கள். அதுவும் ஆண்கள் மட்டும். எங்கள் தாத்தாக்கள் யாழ்ப்பாணத்திலிருந்து கிளார்க் வேலைக்குக் கப்பலேறி வந்தபோது சட்டை துணியோடு சேர்த்துக் கொண்டுவந்த வழக்கம் அது. இன்றுவரை யாரும் அவிழ்த்துப் பார்க்கவில்லை. அப்பாவின் சாம்பலை என் அண்ணன் எடுத்துப்போய்க் கரைத்துவிட்டு ஈர வேட்டியோடு திரும்பியபோது, அம்மா வீட்டைக் கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தார். எந்த இடத்தில் கரைத்தார்கள் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

அப்பாவைக் குற்றம் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. அவருக்கு மணல் பிடிக்காது. காலில் ஒட்டும், காரெல்லாம் கொட்டும் என்பார். அவ்வளவுதான். இத்தனை வருடம் அம்மா கடலுக்குப் போகாததற்கு இதைவிடப் பெரிய காரணம் கிடையாது. யாரும் தடுக்கவில்லை. யாரும் கூட்டிப்போகவும் இல்லை.

அப்பா இறந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெலுத்தோங் பாசாரில் மீனும் கீரையும் வாங்கிக்கொண்டு அம்மாவின் பிளாட்டுக்குப் போனேன். அப்பா போன பிறகு அம்மா அங்கே தனியாக இருக்கிறார். நானும் என் மகளும் கொஞ்ச தூரத்தில் வேறு பிளாட்டில் இருக்கிறோம். நான் மீனைக் கழுவிக்கொண்டிருந்தேன். அம்மா பின்னால் வந்து நின்றார்.

"பெரிங்கில ஒரு ஹோட்டல் புக் பண்ணும்மா. ரெண்டு நாள் போய் இருக்கணும். கடல்ல குளிக்கணும்."

நான் குழாயை மூடினேன். "யாரு குளிக்கணும்?"

"நான்தான்லா. வேற யாரு, கையில வச்சிருக்கியே, அந்த மீனா?"

"ஆட்டைத் திவசம் முடியட்டும்மா."

ஆட்டைத் திவசம் என்றால் முதலாண்டுச் சடங்கு. அது முடியும்வரை எங்கள் வீடுகளில் கல்யாணத்துக்குப் போகமாட்டார்கள், தீபாவளி கிடையாது, புதுத்துணி கிடையாது. ஹோட்டலில் போய்த் தங்கக்கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காதவற்றைத்தான் எங்கள் ஆட்கள் இன்னும் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பார்கள்.

"அதுக்கப்புறம் பெரியப்பா பேரன் கல்யாணம்னுவீங்க. அதுக்கப்புறம் மழைக் காலம்னுவீங்க," என்றார் அம்மா. "எனக்கு எழுவத்துமூணு. இப்ப முட்டி வலி இல்ல. இப்பப் போகணும்."

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதை இங்கே சொல்லவேண்டும். கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில், ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. காலையில் ஆலைக்குள் கால் வைத்ததும் எங்கே வழுக்கும், எதில் விரல் சிக்கும், எது தலையில் விழும் என்றுதான் கண் தேடும். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் மூடுவதில்லை. என் மகள் பல்கலைக்கழகத்திலிருந்து பஸ் ஏறினால் ஏறியதும் ஒரு மெசேஜ், பாதி வழியில் ஒரு மெசேஜ், இறங்கியதும் ஒன்று எனக்கு வந்தாகவேண்டும். "உங்களுக்கு ஓவர்டைம் யாரு தர்றாங்கம்மா?" என்று கேட்பாள். அப்படிப்பட்டவளிடம் எழுபத்துமூன்று வயது அம்மா கடலில் குளிக்கவேண்டும் என்கிறார். எனக்கு அலை தெரிந்தது, வழுக்கும் பாறை தெரிந்தது, உடைந்த இடுப்பெலும்பு தெரிந்தது. கடல் மட்டும் தெரியவில்லை.

விடுமுறைக்கு வந்திருந்த என் மகள் அன்று மாலையே போனைத் தட்டி அறை எடுத்துவிட்டாள். "முடிஞ்சிருச்சு. கேன்சல் பண்ண முடியாது," என்றாள். முடியும் என்று பிறகு கண்டுபிடித்தேன். அப்போது நம்பிவிட்டேன்.

செய்தி எப்படியோ மாமிக்குப் போய்விட்டது. மாமி அப்பாவின் ஒரே தங்கை. கணவனுடைய தங்கை என்ற முறையில் அம்மாவை மச்சாள் என்றுதான் கூப்பிடுவார். போன் வந்தபோது அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மச்சாள், கடலுக்குப் போறீங்களாம்?"

"ஆமா, போறோம்."

"வருசம் திரும்பலையே. ஆளுங்க என்ன பேசுவாங்க?"

"ஆளுங்களுக்கும் சேத்து நான் ரூம் எடுக்கல. அவங்க வீட்ல இருந்து பேசட்டும்."

மாமி கெட்டவர் இல்லை. அண்ணனை இழந்தவர். குரலைத் தணித்து ஒரு வழி சொன்னார். "சரி, அண்ணனுக்காகப் போறீங்கன்னு வச்சுக்குவோம். ஒரு கை எள்ளு எடுத்துட்டுப் போங்க. தண்ணில விட்டுட்டு, அப்படியே காலயும் நனைச்சுட்டு வந்துருங்க. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. சரி என்று சொல்லுங்கள் என்று அம்மாவுக்குச் சைகை காட்டினேன். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே போனிடம் சொன்னார்:

"அவருக்குச் செய்யவேண்டியத அவர் மகன் குறையில்லாம செய்யறான். மாசா மாசம் ஐயர் வந்துட்டுப் போறாரு. இது அவருக்கு இல்ல. எனக்கு."

"எள்ளு மட்டுமாவது—"

"எள்ளு தோசைப் பொடிக்கு வச்சிருக்கேன்."

போன் வைக்கப்பட்டது. என் மகள் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இனி என்ன நடந்தாலும் அம்மாவைக் காப்பாற்ற ஒரு சாக்கும் இல்லாமல் போய்விட்டதே என்று நினைத்தேன்.

ஒரு வியாழக்கிழமை கிளம்பினோம். தஞ்சோங் பூங்கா என்ற ஊரைத் தாண்டி வளைந்து வளைந்து போகும் சாலையில் நான் மெதுவாக ஓட்டினேன். பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். காரின் பின்புறம் ரைஸ் குக்கர், அரிசி, பருப்புப் பொடி, மிளகாய்த்தூள், இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, வயிற்றுப்போக்கு மருந்து, பிளாஸ்டர், கட்டுத்துணி. ரைஸ் குக்கர் என் ஏற்பாடு. அம்மாவுக்கு ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று நானே முடிவு செய்திருந்தேன். மறுநாள் காலை பசியாறும் கூடத்தில் அம்மா நாசி லெமாக் சாப்பிட்டார், பிறகு ஆம்லெட் போடும் இடத்தில் வரிசையில் நின்று ஆம்லெட் வாங்கினார், பிறகு மீகோரேங்கும் ஒரு தட்டு எடுத்துவந்தார்.

"உன் ரைஸ் குக்கர் பத்திரமா இருக்கா?" என்று கேட்டார். "அதுக்கும் ஒரு சேர் போடச் சொல்லு."

உடைதான் அடுத்த பிரச்சினை. சேலையோடு இறங்கினால் தண்ணீர் ஏறி இழுக்கும், அது எனக்குத் தெரியும். கஃப்தானும் அப்படித்தான். வந்த அன்று மாலை சாலையோரக் கடைகளில் சுற்றியபோது அம்மாவே அதைக் கண்டுபிடித்தார். முஸ்லிம் பெண்கள் நீந்தும்போது போடும் உடை. கையிலிருந்து கணுக்கால்வரை மூடியது, தலைக்கும் ஒரு உறை. ஊதா நிறம், மார்பின் குறுக்கே பெரிய பெரிய ரோஜாப்பூக்கள்.

"இதுதான் எனக்குச் சரி. எல்லாத்தையும் மூடிருது."

"அம்மா, இந்தக் கலரா? கறுப்பு இருக்கு, பாருங்க."

"கறுப்புல போனா தண்ணிக்குள்ள என்னத் தேடிக் கண்டுபிடிக்கமாட்டீங்க. நீதானே சேஃப்டி."

கடைக்காரப் பெண் அம்மாவைத் தலைமுதல் கால்வரை அளந்து, பொட்டில்லாத நெற்றியைப் பார்த்து, மலாயில் "மாக்சிக்" என்று மரியாதையாக அழைத்து, "முஸ்லிமா?" என்று கேட்டார். அம்மா, "இல்ல, குளிக்கறவ," என்று மலாயிலேயே பதில் சொன்னார். அந்தப் பெண் சிரித்துச் சிரித்துத் தலை உறையை இலவசமாகக் கொடுத்தார்.

பசியாறிவிட்டு இறங்கினோம். ஹோட்டல் தோட்டம் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் ஒரு எச்சரிக்கைப் பலகை இருந்தது. வெயிலில் வெளிறிய பலகை, ஆனாலும் படிக்க முடிந்தது. அம்மா நின்று சத்தமாக வாசித்தார். "அவாஸ். ஒபோர்-ஒபோர்." பிறகு எங்களைப் பார்த்து, "ஜெல்லிமீன் இருக்காம்," என்றார்.

"கேட்டீங்களா? வாங்க, நீச்சல் குளத்துல இறங்கிக்கலாம். அதுவும் தண்ணிதான்."

"ஜெலுத்தோங்ல தினமும் ரோட்டத் தாண்டுறேன். அங்க யாரும் போர்டு வைக்கல. மோட்டார் சைக்கிள் கொட்டினா என்ன ஆகும்னு யாராவது எழுதிப் போட்டாங்களா?"

அம்மா செருப்பைக் கழற்றி, ஜோடியாகச் சேர்த்து வைத்துவிட்டு நடந்தார்.

அதன்பிறகு நடந்ததை நான் கவனமாக எழுதவேண்டும். எல்லாரும் கொட்டியதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அதற்கு முன்னால் நடந்ததைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

கடல் அன்று அமைதியாக இருந்தது. கலங்கிய பச்சை. அம்மா என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கணுக்கால்வரை போனார், நின்றார், குனிந்து தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு," என்று கரைக்குக் குரல் கொடுத்தார். முழங்கால். இடுப்பு. ஒரு சின்ன அலை வந்து மோதியதும் ஐயோ என்று கத்தினார். அலை போனதும் இன்னொன்று வரவில்லையே என்று எட்டிப் பார்த்தார். பிறகு என் மகள் இரண்டு கைகளையும் தண்ணீருக்கடியில் நீட்ட, அம்மா அதன்மேல் மல்லாந்து படுத்தார். கால்கள் மேலே வந்தன. ஊதா உடை காற்றடைத்து உப்பியது. முகம் வானத்தைப் பார்த்தபடி இருந்தது. அந்த முகத்தை எனக்குத் தெரியாது. ஐம்பது வருடமாகப் பார்க்கிறேன், அந்த முகத்தைப் பார்த்ததில்லை. யாருக்கும் எதையும் எடுத்துவைக்க வேண்டியதில்லாத முகம்.

"ஏய், வாயேன்!" என்று என்னைக் கூப்பிட்டார். "கரையை யாரும் தூக்கிட்டுப் போகமாட்டாங்க!"

நான் போகவில்லை. பை இருந்தது, துண்டு இருந்தது, மாத்திரை இருந்தது. கை மட்டும் ஆட்டினேன்.

அம்மா அப்படி வெகுநேரம் மிதந்தார். பிறகு எழுந்து நின்றார். நின்ற வேகத்தில் தண்ணீருக்குள் உட்கார்ந்தார். கத்தவில்லை. விளையாடுகிறார் என்று என் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கடிகாரம், காலணி, எல்லாவற்றோடும் ஓடினேன்.

வலது பாதத்திலும் கணுக்காலிலும் சாட்டையால் அடித்ததுபோலச் சிவந்த கோடுகள். இடது மணிக்கட்டில் இன்னும் இரண்டு. இருவருமாக அம்மாவைக் கரைக்குத் தூக்கிவந்தோம். மிதவை வளையம் வாடகைக்கு விடும் மலாய் அக்கா ஒருவர், "சூகா, சூகா!" என்று கத்திக்கொண்டே ஒரு போத்தல் வினிகரோடு ஓடிவந்து காலில் ஊற்றினார். நான் தேய்க்கப் போன கையைத் தட்டிவிட்டார். அம்மாவின் உதடு வெளுத்துவிட்டது. மூச்சு குட்டி குட்டியாக வந்தது. கண்ணைத் திறந்தார், மூடினார். என் பெயரைச் சொல்லவில்லை, அப்பாவைச் சொல்லவில்லை, சாமியையும் கூப்பிடவில்லை. "வலிக்குது, வலிக்குது," என்று மட்டும் சொன்னார். காரின் பின்னிருக்கையில் என் மகள் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அந்த வளைவுச் சாலையில் இந்தமுறை நான் ஹாரன் அடித்தேன். எல்லாரையும் பார்த்து அடித்தேன். மருத்துவமனை வாசலில் இறங்கியபோதுதான் என் காலணியில் ஒன்று இல்லை என்று தெரிந்தது.

பிழைத்துவிட்டார். அதை முதலிலேயே சொல்லியிருக்கவேண்டுமோ என்னவோ. ஊசி போட்டார்கள், மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள், ஓர் இரவு வைத்துப் பார்க்கவேண்டும் என்றார்கள். இளம் பெண் டாக்டர் அந்த ஊதா உடையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது மூடியிருந்ததால் இவ்வளவோடு போயிற்று," என்றார்.

அண்ணன் கோலாலம்பூரிலிருந்து அன்று மாலையே வந்து சேர்ந்தார். வழியில் எங்கும் நிறுத்தவில்லை போலிருக்கிறது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அம்மாவின் காலைப் பார்த்தார். நெற்றியைத் தொட்டார். பிறகு என்னைப் பார்த்துத் திரும்பினார்.

"போர்டு இருந்துச்சா, இல்லையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து பதில் வந்தது. "இருந்துச்சு. நான்தான் சத்தமா வாசிச்சேன்."

"வாசிச்சுட்டுமா இறங்குனீங்க? இவ எங்க போனா? இவ மக எங்க போனா? ஒரு கெழவிய ரெண்டு பேரால பாத்துக்க முடியல?"

என் மகள் சுவரோரம் நின்று அழத் தொடங்கினாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை. அவளைக் காப்பாற்றவேண்டும், அம்மாவைக் காப்பாற்றவேண்டும், என்னையும். மாமி கொடுத்த வழி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்துக்கொண்டேன்.

"அண்ணே, அம்மா சும்மா கூத்தடிக்கப் போகல. அப்பா நினைப்பு. அப்பாவக் கரைச்ச கடலுன்னு..."

அண்ணனின் முகம் உடனே மாறியது. கண்ணாடியைக் கழற்றினார். கண் கலங்கிவிட்டது. அவ்வளவு சுலபமாக இருந்தது. இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் எங்கள் எல்லாருக்கும் மன்னிப்பு கிடைத்திருக்கும்.

"பொய் சொல்லாத," என்றார் அம்மா.

மூக்கில் குழாய் இருந்ததால் குரல் மெல்லியதாகத்தான் வந்தது. ஆனால் பக்கத்துக் கட்டில் சீனப் பாட்டிகூடத் திரும்பிப் பார்த்தார்.

"அவர நினைச்சு நான் போகல. அவர நினைக்க எனக்கு வீடு போதும். அடுப்படில அவரு, ஹால்ல அவரு, பாத்ரூம்ல அவரு தொங்கவிட்ட துண்டு. கடல்ல மட்டும்தான் அவரு இல்ல. அதான் போனேன். ஆசையா இருந்துச்சு, போனேன்."

"அம்மா, அப்பாவக் கடல்லதான் கரைச்சேன்," என்றார் அண்ணன்.

"நீ கரைச்ச. எனக்கு இடம் சொன்னியா?"

அண்ணன் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இப்பவும் சொல்லாத. சொன்னா அந்த இடத்துக்கும் நான் எள்ளு தூக்கிட்டுப் போகணும்."

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். வேறு குரலில் பேசினார், வீட்டு விஷயம் பேசும் குரலில். டிஸ்சார்ஜ் ஆனதும் அம்மாவை அப்படியே கே.எல்.லுக்கு, தன் வீட்டுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார். அங்கே வேலைக்கு ஆள் இருக்கிறார், வாசலில் காவல் இருக்கிறது, ஹாலில் கேமரா இருக்கிறது, ஆபீஸிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். ஜெலுத்தோங் பிளாட்டைப் பூட்டிவிடலாம். அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. பயந்துபோயிருந்தார். நானும் பயந்துபோயிருந்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. இனி இரவில் போன் அடித்தால் நான் பதறவேண்டாம்.

"நீ சொல்லு," என்றார் என்னிடம். "நீ சேஃப்டி ஆபீசர். இதே உன் ஃபேக்டரில நடந்துச்சுன்னா என்ன பண்ணுவ?"

விடை எனக்கு மனப்பாடம். புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லிக்கொடுப்பது அது. ஆபத்தை அங்கிருந்து எடுத்துவிடு. எடுக்க முடியாவிட்டால், ஆளை அதன் பக்கத்தில் போகவிடாதே. கடலை எடுக்க முடியாது. அம்மாவை எடுத்துவிடலாம். சாலையிலிருந்து எடுக்கலாம், மாடிப்படியிலிருந்து எடுக்கலாம், அடுப்பிலிருந்து எடுக்கலாம். கடைசியில் ஒரு கேமராவுக்கு முன்னால் உட்காரவைக்கலாம். அங்கே எதுவும் கொட்டாது. வேலையில் நான் இதைத்தான் வெற்றி என்று அறிக்கை எழுதுவேன்.

அம்மா என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். தண்ணீரில் மல்லாந்திருந்த அந்த முகம் எனக்கு நினைவுக்கு வந்தது.

"ஃபேக்டரிக்கு ஆளுங்க சம்பளத்துக்கு வர்றாங்கண்ணே," என்றேன். "யாரும் ஆசைக்கு வர்றதில்ல. சாயங்காலம் எல்லாரையும் முழுசா வீட்டுக்கு அனுப்பறதுதான் என் வேலை. அம்மாவோட வீடு ஜெலுத்தோங்ல இருக்கு."

"நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நீ பொறுப்பா?"

அந்தக் கேள்விக்குத்தான் நான் வாழ்நாள் முழுக்கப் பயந்திருக்கிறேன்.

"அவ எதுக்குப் பொறுப்பு?" என்றார் அம்மா. "நான் பொறுப்பு. எழுவத்துமூணு வயசுல எனக்கு என்னோட பொறுப்பக்கூடத் தரமாட்டீங்களா? ஸ்கூல் லீவுக்கு கே.எல். வரேன். ரிட்டர்ன் டிக்கெட்டோட வரேன். டேய், இப்ப அந்தப் பிள்ளைகிட்ட ஸாரி சொல்லு. அழுதுட்டு நிக்கிறா பாரு."

அண்ணன் ஸாரி சொல்லவில்லை. எழுந்துபோய் என் மகளுக்கு ஒரு கப் மைலோ வாங்கிவந்து கொடுத்தார். எங்கள் வீட்டில் அதுதான் ஸாரி.

மாமி மறுவாரம் சூப்போடு வந்தார். அம்மாவின் காலிலிருந்த தழும்பைத் தடவிப் பார்த்தபோது அவருடைய கண்ணில் நீர் வந்தது, நிஜமான நீர். "என் அண்ணன் இழுத்திருக்காரு," என்றார். இல்லை என்று அம்மா சொன்னார். மாமி கேட்டுக்கொண்டார். போகும் வழியிலேயே தன்னுடைய கதையை அவர் சொல்லத் தொடங்கிவிட்டார் என்று நினைக்கிறேன். இப்போது அது எங்கெங்கோ போய்விட்டது. கேட்பவர்களிடம் நான் திருத்துகிறேன். திருத்தினால் முகம் சுருங்குகிறது. துக்கத்தில் அலைந்த மனைவி என்றால் அவர்களுக்குப் பிடிக்கிறது. குளிக்க ஆசைப்பட்ட பெண் என்றால் பேச்சை மாற்றுகிறார்கள். மாற்றட்டும்.

அண்ணன் கே.எல். திரும்பிய பிறகு போன் செய்தார். இனி அம்மாவைக் கடல் பக்கம் கூட்டிப்போகமாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொன்னார். செய்யமாட்டேன் என்றேன். போனை வைத்தார். மறுநாள் ஒன்றும் நடக்காததுபோல, அம்மா மாத்திரை சாப்பிட்டாரா என்று கேட்டு மெசேஜ் அனுப்பினார். எங்கள் இருவருக்கும் நடுவில் அது அப்படியே இருக்கிறது.

மருத்துவமனையிலிருந்து வந்ததிலிருந்து நான் அம்மாவோடு பிளாட்டில்தான் தங்கினேன். தூக்கத்தில் மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். குளிக்கப் போனால் கதவோரம் நிற்பேன். இரண்டு முறை, "உள்ள என்ன பண்றீங்க?" என்று கேட்டேன். "நீந்துறேன்," என்று பதில் வந்தது. ஒரு மாலை நான் வேலை முடிந்து வந்தபோது, என் துணிகளெல்லாம் மடித்து ஒரு பையில் கதவோரம் வைக்கப்பட்டிருந்தன. மேலே ரைஸ் குக்கர்.

"வீட்டுக்குப் போம்மா. உன் மக தனியா இருக்கா."

"இன்னும் ஒரு வாரம் இருக்கேனே."

"எனக்கு உன்னப் பாத்துக்கிட்டே இருக்க முடியலலா. நீ பயப்படுறதப் பாத்தா எனக்குப் பயம் வருது."

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அம்மா இரும்புக் கம்பிக் கதவை இழுத்துச் சாத்தினார். உள்ளிருந்து பூட்டும் சத்தம் கேட்டது, ஒருமுறை, பிறகு இரண்டாவது பூட்டு. வானொலியைப் போட்டார். கால் இன்னும் லேசாக இழுத்தபடி அடுப்படிக்கு நடந்து போவது கேட்டது.

லிஃப்ட் வந்தது. திரும்பிப் போய்க் கதவைத் தட்டவேண்டும்போல இருந்தது. தட்டவில்லை. உள்ளே நுழைந்து கீழ்த்தளத்துக்கான பொத்தானை அழுத்தினேன்.